தங்கைக்கு வயது 32, மார்பகப் புற்றுநோய். ரத்தத்தில் சி.ஏ. 15-3 என்ற புற்றுநோய்க் குறியீட்டுப் புரதத்தின் அளவு 18 தான். நோய் தீவிரமில்லை என்று நம்பலாமா?

அந்த எண்ணை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள், அச்சப்படவும் வேண்டாம். பெரும்பாலான ஆய்வகங்கள் 30 வரை இயல்பு என்று அச்சிடுகின்றன. ஆனால் தொடக்க நிலைப் புற்றுநோயில் இந்த அளவு பெரும்பாலும் உயர்வதே இல்லை. கல்லீரல் கோளாறு இருந்தால் புற்றுநோய் இல்லாமலேகூட உயரும். நோய் உடலில் பரவியவர்களுக்குச் சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்கத்தான் இது அதிகம் உதவுகிறது.

நீங்கள் எடுத்துப் பார்க்க வேண்டிய தாள் வேறு: கட்டியிலிருந்து எடுத்த திசுவின் பயாப்சி அறிக்கை. அதில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி (இந்த ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்), ஹெர்-2 (செல் வளர்ச்சியைத் தூண்டும் புரதம்) என்ற மூன்று வரிகள் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தால் ஹார்மோன் சிகிச்சைக்கு வழி உண்டு. ஹெர்-2 எதிரே 3+ என்றிருந்தால் பாசிட்டிவ். 2+ என்றால் முடிவாகவில்லை, ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனை செய்தே தீர வேண்டும். ஒரு காலத்தில் ஹெர்-2 பாசிட்டிவ் என்றாலே கலங்கினார்கள். 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் மருந்து அந்த நிலையையே மாற்றிவிட்டது.

மூன்றும் நெகட்டிவ் ஆன வகை 40 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. அது வேகமாக வளரக்கூடியது. ஆனாலும் கீமோவுக்கு நன்றாகக் கட்டுப்படுவதும் உண்டு. கட்டியின் அளவும் அக்குள் நிணநீர்க் கணுக்களின் நிலையும் சேர்ந்தே நோயின் போக்கு பற்றிய முன்கணிப்பைத் தீர்மானிக்கின்றன.

இந்த வயதில் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை (நோய் பரம்பரையாக வந்ததா என்று பார்ப்பது) பற்றி அவசியம் கேளுங்கள். தங்கைக்குக் குழந்தை ஆசை இருந்தால், கருமுட்டைச் சேமிப்பு பற்றிக் கீமோ தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.