வாட்ச் சரி, சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். அம்மா (74) மதுரையில் தனியாக இருக்கிறார். கீழே விழுந்தால் தானாகவே எனக்கு போன் செய்யும் வாட்ச் வாங்கலாமா?

வாங்கலாம். சிம் போடுகிற, தண்ணீரில் நனையலாம் என்கிற மாடலாகப் பாருங்கள். குளிக்கப் போகும்போது வாட்சைக் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுப் போகிற பழக்கம் நம் அம்மாக்களுக்கு உண்டு. வழுக்கி விழுவதோ அங்கேதான்.

நான் பிசியோதெரபிஸ்ட். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்தவர்களை வீட்டில் போய் நடக்க வைப்பதுதான் பெரும்பாலும் என் வேலை. எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டால் ஒரு பாட்டி சொன்னார்: "கிறுகிறுன்னு வந்துச்சு, துண்டு போடுற கம்பியப் பிடிச்சேன், அது கையோட வந்துருச்சு." துண்டுக் கம்பி ஆளைத் தாங்காது. டாய்லெட் பக்கத்திலும் குளிக்கிற இடத்திலும் சுவரில் துளை போட்டு இறுக்கிய கைப்பிடி வேண்டும். உறிஞ்சி ஒட்டும் ரகம் வேண்டவே வேண்டாம். பாத்ரூம் உள்தாழ்ப்பாளையும் கழற்றிவிடுங்கள். தனியாக இருப்பவருக்கு அது எதற்கு? கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுங்கள். கதவோரம் ஆள் விழுந்து கிடந்தால் வெளியிலிருந்து தள்ளவே முடியாது.

அந்தக் கிறுகிறுப்புக்கு மாத்திரையும் காரணமாக இருக்கலாம். படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரஷர் மாத்திரையையோ தூக்க மாத்திரையையோ நீங்களாக நிறுத்தாதீர்கள். கால் பலத்துக்கு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி போதும், தினமும் செய்தால். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இப்போது வாட்ச் உங்களுக்கு அடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரிலிருந்து 108 அழுத்தினால் கர்நாடகக் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் போகும். மதுரையில் இருக்கும் ஒருவர்தான் அழைக்க வேண்டும், கதவையும் திறக்க வேண்டும். ஆகவே பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுங்கள், வாட்சில் அவர் எண்ணை முதலில் போடுங்கள். காலையில் பால் பாக்கெட் எடுக்காமல் கிடந்தால் பெல் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 14567 முதியோர் உதவி எண்தான், ஆனால் ஓய்வூதியம், சட்ட ஆலோசனை மாதிரி விஷயங்களுக்கு. ஆம்புலன்ஸுக்கு 108.

அந்த அக்காவிடம் இன்னும் ஒன்று சொல்லி வையுங்கள். விழுந்தவரைச் சட்டென்று தூக்கி நிறுத்தக் கூடாது. ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். எண்ணெய் தேய்ப்பதும் புத்தூர் கட்டுக்கு அலைவதும் நேரத்தைத் தின்னும், ஆபரேஷனை 48 மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டு "எனக்கு ஒண்ணுமில்ல" என்று எழுந்து உட்கார்ந்தாலும், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.