பழைய இயந்திரம் விற்ற பணமும் திரும்பி வராத கடனும்: வரி விபரத்திரட்டில் எப்படிக் காட்டுவது?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் சிறிய அச்சகம் ஒன்றைத் தனியாளாக நடத்தி வருகிறேன். பத்து இலட்சம் ரூபாவுக்கு வாங்கி நான்கு ஆண்டுகள் பயன்படுத்திய அச்சு இயந்திரத்தை இவ்வாண்டு 350,000 ரூபாவுக்கு விற்றேன். வாங்கிய விலையிலும் மிகக் குறைவாக விற்றதால் இலாபம் எதுவும் இல்லை; அதனை விபரத்திரட்டில் காட்டவும் வேண்டுமா?

பதில்: கட்டாயம் காட்ட வேண்டும். இலாபமா நட்டமா என்பது வாங்கிய விலையைக் கொண்டு அன்றி, வரிக் கணக்கில் அந்த இயந்திரத்துக்கு இன்னும் எஞ்சியிருக்கும் பெறுமதியைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. இலங்கையின் 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், உற்பத்திக்குப் பயன்படும் இயந்திரங்களின் கிரயத்தை ஐந்து ஆண்டுகளில் சம பங்குகளாக வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடமளிக்கிறது. நீங்கள் ஆண்டுக்கு 200,000 ரூபா வீதம் நான்கு ஆண்டுகள் கழித்திருந்தால் எஞ்சிய பெறுமதி 200,000 ரூபா மட்டுமே. ஆகவே விற்பனையில் கிடைத்த மேலதிகமான 150,000 ரூபா, இவ்வாண்டின் வியாபார வருமானத்துடன் சேர்ந்து உங்களுக்குரிய வழமையான வீதத்தில் வரிக்கு உட்படும். அதே இயந்திரம் 120,000 ரூபாவுக்கே விலைபோயிருந்தால், குறைந்த 80,000 ரூபாவைக் கழிவாகக் கோரியிருக்கலாம். ஐந்து ஆண்டுகளும் முடிந்த பின்னர் விற்பவருக்கு எஞ்சிய பெறுமதி பூச்சியம் என்பதால், கைக்கு வரும் தொகை முழுவதும் வருமானமாகும். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கத் திட்டமிடுபவர்கள் இந்த வரியையும் முன்கூட்டியே கணக்கிட்டு ஒதுக்கி வைப்பது நல்லது. வாங்கிய பில்லையும் விற்றமைக்கான பற்றுச்சீட்டையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் காகிதாதிகள் விநியோகிக்கிறேன். புறக்கோட்டையில் கடை வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர் 180,000 ரூபா பாக்கியை வைத்துவிட்டுக் கடையை மூடிவிட்டார். இதனை நட்டமாகக் கழிக்க முடியுமா?

பதில்: அந்த 180,000 ரூபா முன்னர் உங்கள் வருமானத்தில் சேர்க்கப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள். பொருளைக் கொடுத்து பில் எழுதியவுடனேயே விற்பனையாகப் பதிபவர், கைக்கு வராத பணத்தையும் வருமானமாகக் காட்டியிருப்பார். அவரே அதனை அறவிட முடியாக் கடனாகப் பதிவழித்து, அதாவது கணக்கிலிருந்து நீக்கி, வருமானத்திலிருந்து கழிக்க உரிமையுடையவர். பணம் வந்த பின்னரே விற்பனையைப் பதிபவருக்கோ, வராத தொகை ஒருபோதும் வருமானமாகக் கணக்கிடப்படவில்லை என்பதால் கழிப்பதற்கும் எதுவும் இல்லை. அவருடைய நட்டம் உண்மையானதுதான், ஆனால் அந்தத் தொகைக்கு அவர் வரி செலுத்தவில்லை.

முதல் வகையில் அடங்குபவராக இருந்தாலும், கடன் வராது என்று நீங்களே முடிவுசெய்து பேரேட்டில் கோடு கீறிவிட முடியாது. பணத்தைப் பெறுவதற்கு நியாயமான நடவடிக்கைகளை எடுத்திருக்க வேண்டும் என்பதும், அது கிடைக்காது என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்பதும் சட்டத்தின் நிபந்தனைகள். அனுப்பிய நினைவூட்டல் கடிதங்கள், பதிவுத் தபாலின் பற்றுச்சீட்டு, சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம், மத்தியஸ்த சபைக்குச் சென்றிருந்தால் அதன் பத்திரங்கள் ஆகியவை உங்களுக்காகப் பேசும். தொலைபேசியில் எத்தனை முறை கேட்டாலும் அதற்குச் சான்று மிஞ்சுவதில்லை.

இங்கு நான் மிகவும் அழுத்திக் கூற விரும்புவது காலவரையறையைத்தான். விற்று ஒப்படைத்த பொருட்களுக்கும் கடைப் பில்களுக்கும் உரிய கடனை, அது செலுத்தப்பட வேண்டிய நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் வழக்கிட்டுக் கேட்க வேண்டும் என்று நமது காலவதிக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. எழுத்திலான ஒப்பந்தம் இருந்தால் அது ஆறு ஆண்டுகளாகும். முகத்தாட்சண்யத்துக்காகக் காத்திருக்கும் எத்தனையோ சிறு வியாபாரிகள் இந்த ஓராண்டைத் தவறவிட்டு, கடனையும் இழந்து, பணத்தைப் பெற முயன்றதற்கான சான்றும் இல்லாமல் நிற்கிறார்கள். ஆகவே பழகியவராக இருந்தாலும், இவ்வளவு தொகை தர வேண்டியுள்ளது என்று எழுதி அவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளத் தயங்காதீர்கள்.

பதிவழித்த பின்னர் அவர் பணத்தைத் தந்தால், அது கிடைத்த ஆண்டின் வருமானமாகக் காட்டப்பட வேண்டும்.

கேள்வி: நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பவில்லை. அதனையும் இவ்வாறே கழிக்கலாமா?

பதில்: முடியாது. அது உங்கள் வியாபார வருமானத்தில் என்றும் சேர்க்கப்படாத சொந்தப் பணம். வியாபாரத்தின் வங்கிக் கணக்கிலிருந்து கொடுத்திருந்தாலும் நிலைமை மாறாது. அதனை உரிமையாளரின் எடுப்பனவாகவே, அதாவது சொந்தத் தேவைக்கு எடுத்த பணமாகவே, பதிய வேண்டும்.

மூன்று பேருக்கும் பொதுவாக: ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான வரி மதிப்பாண்டுக்குரிய இறுதி வரிக் கொடுப்பனவு செப்டெம்பர் 30ஆம் திகதிக்கும், விபரத்திரட்டு நவம்பர் 30ஆம் திகதிக்கும் முன்னர் நிறைவேற்றப்பட வேண்டும். இயந்திர விற்பனையும் கடன் பதிவழிப்பும் எந்த ஆண்டில் நிகழ்ந்தனவோ அந்த ஆண்டின் விபரத்திரட்டிலேயே இடம்பெற வேண்டும் என்பதால், மார்ச் முடிவதற்குள் பேரேட்டை ஒருமுறை கணக்காளருடன் அமர்ந்து பார்த்துவிடுங்கள்.