ஸ்போர்ட்ஸ் கார்: தினசரிச் சொகுசா, ஓட்டும் சுகமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "தினமும் ஓட்டத் தோதாக இருக்க வேண்டும், மிதித்தால் ஜிவ்வென்றும் இருக்க வேண்டும்." ஒரே காரில் இரண்டும் கிடைக்கும், ஆனால் சரிபாதியாகக் கிடைக்காது. எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று எழுதாதவர்களுக்குப் பதிலும் அந்த அளவில்தான். விலைகள் எல்லாம் உத்தேசம்.

கோவையிலிருந்து திருப்பூருக்குத் தினமும் நானே ஓட்டிப் போய்வருகிறேன். மாதம் ஒருமுறை மனைவியோடு வால்பாறை. போர்ஷே 911 கரெராவா, மெர்சிடஸ் ஏஎம்ஜி எஸ்எல் 55-ஆ? (கோவை)

இப்படித்தான் கேட்க வேண்டும். பாதை தெரிகிறது, யார் ஓட்டுகிறார் என்று தெரிகிறது.

எஸ்எல் 55-ல் 4 லிட்டர் வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின், 476 குதிரைத்திறன், எடை கிட்டத்தட்ட 1.9 டன். நீளமான மூக்கு, துணிக் கூரை. நெடுஞ்சாலையில் நிதானமாக, கம்பீரமாகப் போகும். 911 கரெராவில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 400-க்குப் பக்கத்தில் குதிரைத்திறன், எடை 1.5 டன். இன்ஜின் பின்னால் இருப்பதால் மூக்கு லேசு. ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், வளைவு முடிந்து மிதிக்கும்போது பின்சக்கரம் சாலையைக் கவ்விக்கொண்டு தள்ளும். அந்த உணர்வு எஸ்எல்லில் வராது.

911-க்கு ஒரு குறை உண்டு. அகலமான பின்டயர் சொரசொரப்பான சாலையில் எழுப்பும் இரைச்சல் கேபினுக்குள் வந்துவிடும். தினமும் நூறு கிலோமீட்டர் அதைக் கேட்க வேண்டும். எஸ்எல்லுக்கும் ஒரு குறை: கூரையைத் திறந்து போட நம் வெயிலில் அதிகாலையும் மழை விட்ட சாயங்காலமும்தான் மிச்சம். கழுத்துக்குச் சூடான காற்று ஊதும் வசதியெல்லாம் அதில் உண்டு; சித்திரை மாதத்தில் அவிநாசி ரோடே அதை இலவசமாகத் தரும்.

என் ஓட்டு 911-க்கு. ஸ்போர்ட் சஸ்பென்ஷன் வேண்டாம், பெரிய ரிம் வேண்டாம். மூக்கைத் தூக்கும் லிஃப்ட் மட்டும் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். வீட்டு வாசல் ரேம்பை அளந்த பிறகே அட்வான்ஸ்.

என்னிடம் ஒன்றரைக் கோடி இருக்கிறது. நல்ல ஸ்போர்ட்ஸ் காராக ஒன்று சொல்லுங்கள். (சென்னை)

எங்கே ஓட்டுவீர்கள், எத்தனை பேர் உட்காருவீர்கள், கார் எங்கே நிற்கும்? மூன்றையும் எழுதிவிட்டு மறுபடி கேளுங்கள்.

பிஎம்டபிள்யூ எம்340ஐ, எம்2 இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் பிடித்திருக்கிறது. அண்ணா நகரிலிருந்து ஓஎம்ஆர் ஆபீஸ். ஞாயிறு காலை மட்டும் ஈசிஆர். (சென்னை)

எம்340ஐ. யோசிக்கவே வேண்டாம்.

அது சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் பூட்டப்படும் கார், அதனால் விலை 75 லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. எம்2 முழுதாக இறக்குமதி, ஒரு கோடியைத் தாண்டும். இரண்டிலும் 3 லிட்டர், நேர்வரிசை ஆறு சிலிண்டர். எம்340ஐ-யில் 374 குதிரைத்திறன், நாலு சக்கரமும் இழுக்கும், நாலு கதவு. எம்2-வில் 480, பின்சக்கரம் மட்டும், இரண்டே கதவு. அந்த நீளக் கதவை அண்ணா நகர் பார்க்கிங்கில் பக்கத்துக் காரை இடிக்காமல் முழுதாகத் திறந்து இறங்க முடியுமா என்று பாருங்கள்.

எம்2-வின் சஸ்பென்ஷன் சாலையில் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு இடத்தையும் முதுகெலும்புக்குச் சொல்லும். ஞாயிறு காலை அது சந்தோஷம். வாரத்தில் மற்ற ஆறு நாளும் மெட்ரோ வேலைக்காக வெட்டிப்போட்ட ரோட்டில் நீங்கள் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். எம்2-வை வாங்குவதாக இருந்தால் கிளட்ச் உள்ள மேனுவலாக வாங்குங்கள்; ஆனால் ஓஎம்ஆர் நெரிசலுக்கு அதுவும் சரிப்படாது. ஆகவே எம்340ஐ.

நின்ற இடத்திலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட எம்2-வுக்கு 4.0 விநாடி, 911 கரெராவுக்கு 4.1 விநாடி, போர்ஷேயின் மின்சாரக் கார் டைக்கான் டர்போ எஸ்ஸுக்கு 2.4 விநாடி. அப்படியென்றால் ஓட்டும் த்ரில் டைக்கானில்தானே அதிகம்? மற்றவற்றுக்கு ஏன் கோடி கொடுக்க வேண்டும்? (சேலம்)

இந்தக் கணக்கை யாராவது எழுதிக் கேட்காத வாரமே இல்லை. அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று பாருங்கள். சமதளம், பிடிப்புள்ள தார், சூடேறிய டயர், நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் பாய வைக்கும் லாஞ்ச் கன்ட்ரோல். அமெரிக்கப் பத்திரிகைகள் சிலவற்றில் கார் நகரும் முதல் ஒரு அடியைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அதிலேயே கால் விநாடி குறைந்துவிடும். நீங்கள் 4.0-க்கும் 4.1-க்கும் நடுவே கோடு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சேலம் ஐந்து ரோட்டில் சிக்னல் விழுந்ததும் பச்சையைப் பார்த்துக் கால் அழுத்துவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகும்.

அடுத்தது எடை. மின்சாரக் கார் நேர்கோட்டில் பாய்வதில் ராஜா, மறுக்கவில்லை. ஆனால் டைக்கான் 2.3 டன். பெட்ரோலோடு மோட்டாரும் சேர்ந்த புது பிஎம்டபிள்யூ எம்5 கிட்டத்தட்ட 2.4 டன், 727 குதிரைத்திறன், நூறைத் தொட 3.5 விநாடி. குதிரைத்திறனைக் கூட்டி எடையை மறைக்கிறார்கள். நேர்கோட்டில் மறைக்கலாம். பிரேக் போடும்போதும் திருப்பும்போதும் எடை தன் கணக்கைக் கேட்கும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கொல்லிமலை இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவு. அந்தச் சாலையில் எங்கே நூறு போவீர்கள்? இரண்டாவது கியரில் முப்பது, நாற்பது, அவ்வளவுதான். அங்கே சுகம் தருவது வேறு சங்கதிகள். வளைவுக்கு முன் பிரேக்கை லேசாகத் தொட்டால் மூக்கு எவ்வளவு இறங்குகிறது, ஸ்டியரிங்கை ஒடித்ததும் உடனே திரும்புகிறதா, ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்புகிறதா, முன்டயர் வழுக்கத் தொடங்குவது உள்ளங்கைக்குத் தெரிகிறதா, மூன்றாவது கியரில் நாற்பதில் போகும்போது முழுசாக மிதித்தால் டர்போ விழித்துக்கொள்ள எவ்வளவு நேரமாகிறது. இதில் ஒன்றுகூட பிரசுரத்தில் இருக்காது. எதிரே பஸ் வரும் சாலையில் காரின் அகலமும் முக்கியம்: எம்2 கிட்டத்தட்ட 1.9 மீட்டர், மஸ்டா எம்எக்ஸ்-5 1.74 மீட்டர்தான். அந்தப் பதினைந்து சென்டிமீட்டரில்தான் வளைவை உங்கள் இஷ்டத்துக்கு எடுப்பதா, ஓரத்து மண்ணைப் பார்த்தபடி ஒட்டிக்கொண்டு போவதா என்பது இருக்கிறது.

2.4 விநாடியில் பாயும் காரில் முதல் வாரம் நண்பர்களை உட்கார வைத்து ஒவ்வொருவருக்கும் காட்டுவீர்கள். இரண்டாவது வாரம் மாமனாருக்கு. மூன்றாவது வாரத்திலிருந்து அது வயிற்றைப் பிசையும் ஒரு வித்தை, அவ்வளவுதான். டைக்கான் மோசமான கார் இல்லை. சத்தமில்லாத தினசரிச் சொகுசுக்கு நீங்கள் எழுதிய மூன்றில் அதுதான் முதலிடம். த்ரிலுக்கு அதை வாங்குகிறேன் என்றால்தான் சண்டைக்கு வருவேன்.

இன்னொன்று, பொதுச் சாலையில் லாஞ்ச் கன்ட்ரோல் போட்டுக் காட்டாதீர்கள். அங்கே டிராக்டர் குறுக்கே வரும், நாய் வரும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள்.

நுங்கம்பாக்கத்தில் அபார்ட்மென்ட், அடித்தளப் பார்க்கிங். 911-ன் கிரவுண்ட் கிளியரன்ஸ் போதுமா? (சென்னை)

கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் காரின் வயிற்றுக்கும் உள்ள இடைவெளி, 12 சென்டிமீட்டர் அளவில். ஆனால் உங்களுக்கு அந்த எண் மட்டும் உதவாது. ரேம்பின் முகடு எவ்வளவு கூர்மையானது என்பதுதான் கேள்வி.

அளக்கும் முறை எளிது. இரண்டரை மீட்டர் நீளத்தில் நேரான ஒரு சட்டம் எடுங்கள். 911-ன் வீல்பேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரம்) அவ்வளவுதான். இரண்டு முனையிலும் 12 சென்டிமீட்டர் உயரக் கட்டை வைத்து ஆணி அடியுங்கள். ரேம்பின் முகட்டுக்குக் குறுக்கே, கார் போகிற திசையில் மெதுவாக இழுங்கள். சட்டத்தின் நடுப்பகுதி தரையில் உரசினால் காரின் வயிறும் உரசும். லிஃப்ட் மூக்கை மட்டும் நாலு சென்டிமீட்டர் உயர்த்தும். வயிற்றுக்கு அதனால் பெரிய லாபமில்லை.

வேகத்தடைக்கும் இதே கணக்குதான். இந்திய சாலைப் பேரவையின் தரப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அப்படிக் கட்டியிருந்தால் 911-ன் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே மேடு எழும்புவது ஐந்து சென்டிமீட்டருக்குள்தான்; தாராளமாகக் கடக்கலாம். தெருக்காரர்களே இரவோடு இரவாகக் கட்டும் ஒன்றரை அடி அகலத் திண்டுதான் அடியைப் பெயர்க்கிறது. அதைச் சாய்வாக, ஒரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள்.

டொயோட்டா ஜிஆர்86, மஸ்டா எம்எக்ஸ்-5 ஆர்எஃப். தனி ஆள். எது? (கிள்ளான், மலேசியா)

எம்எக்ஸ்-5 1.1 டன், 184 குதிரைத்திறன். ஜிஆர்86 கிட்டத்தட்ட 1.3 டன், 2.4 லிட்டர், 237. உலு யாம் மலைச்சாலைக்கு எம்எக்ஸ்-5 போல இன்னொன்று இல்லை. ஆர்எஃப்புக்குக் கூரை கெட்டியானது என்பதால் உங்கள் ஊர் மழையும் தொந்தரவில்லை. ஆனால் சிப்பாங் டிராக்குக்கும் போகிற எண்ணம் இருந்தால் ஜிஆர்86: பின்சீட்டை மடக்கினால் நாலு டயர் உள்ளே போகும். நீங்கள் ஆறடி உயரம் என்றால் எம்எக்ஸ்-5-ல் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எதுவானாலும் மேனுவல்.

புதுச்சேரி முகவரியில் பதிவு செய்தால் லைஃப் டாக்ஸில் நிறைய மிச்சம் என்கிறார்கள். செய்யலாமா? (விழுப்புரம்)

அங்கே குடியிருக்கிறீர்களா? ஆம் என்றால் செய்யலாம். இல்லையென்றால் என்னைக் கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம் வரி என்பது வலிக்கத்தான் செய்யும், தெரியும். ஆனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்து ஓட்டினால் அந்த மாநிலப் பதிவுக்கு மாற்ற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. வரியைச் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

2018 மாடல் போர்ஷே 718 கேமன் செகண்ட் ஹேண்டில் வருகிறது. 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது. துணிந்து வாங்கலாமா? (திருச்சி)

பட்டனைப் பார்க்காதே, தேதியைப் பார் என்று எத்தனை முறை எழுதுவது? டயரின் பக்கவாட்டில் ஒரு முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் செய்தது. ஆறு வருடத்தைத் தாண்டிய டயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஈரச் சாலையில் 300 குதிரைத்திறனை அதன்மேல் இறக்கினால் கார் சுழலும். நாலும் மாற்றுங்கள். அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

குறைந்த கிலோமீட்டரைப் பெருமையாகச் சொல்வார்கள். ஷெட்டில் நின்ற கார் நல்ல கார் என்று யார் சொன்னது? பேட்டரி, பிரேக் ஆயில், ரப்பர் சீல்கள் எல்லாம் நின்றுகொண்டே கெடும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிய ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், கேமன் அருமையான தேர்வு. இன்ஜின் நடுவில், முன்னாலும் பின்னாலும் இரண்டு டிக்கி, அளவான உடம்பு. நாலு சிலிண்டர் சத்தம் மட்டும் கொஞ்சம் தகர டப்பா போலிருக்கும், பழகிக்கொள்ளுங்கள்.

கோர்வெட் சி8 வாங்க ஆசை. மூன்று வருடத்தில் ஊருக்குத் திரும்பும்போது கொண்டுவரலாமா? (துபாய்)

வாங்கலாம், கொண்டுவர முடியாது. அங்கே ஓடுவது இடப்பக்க ஸ்டியரிங். நம் இறக்குமதி விதி வலப்பக்கம் கேட்கிறது. அங்கேயே ஆசை தீர ஓட்டிவிட்டு விற்றுவிடுங்கள். 6.2 லிட்டர் வி8, நடுவில் இன்ஜின், கழற்றி வைக்கும் கூரை. அந்த விலைக்கு 911 கிட்டேகூட வராது. மூக்குத் தூக்கும் வசதியோடு எடுங்கள், ஆயிரம் இடங்களை ஜிபிஎஸ்ஸில் நினைவு வைத்துத் தானே தூக்கும். அந்த வெயிலில் டயர் சீக்கிரம் வயதாகும். தேதி!

கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அப்பா 20 லட்சம் வரை உதவுவார். கோடிக் கார்களைப் பற்றி மட்டும்தான் எழுதுவீர்களா? (ஈரோடு)

நியாயமான கோபம். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி பிளஸ், 1.5 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன், மேனுவல் கியர். எடை 1.3 டன்னுக்குள். அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு பழனிக்கும் போகலாம், தனியாக ஏற்காட்டு வளைவிலும் விளையாடலாம். பட்ஜெட்டில் மிச்சமிருந்தால் நல்ல டயரும் பிரேக் பேடும் போடுங்கள். சைலன்ஸரை மாற்றிச் சத்தம் கூட்டும் வேலை வேண்டாம்.

வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசையிருந்தால் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. டிராக் நாள் எப்போது என்று விசாரித்து, ஹெல்மெட்டோடு போங்கள். ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள்: ரேஸ் டிராக்கில் இடித்தால் சாதாரண இன்சூரன்ஸ் பைசா தராது. பம்பர் செலவு அப்பாவுடையதா உங்களுடையதா என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள்.