கேமராவில் சிரிப்பு மூட்டும் கொலைகாரன் முகமூடியை என்ன செய்வது?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து 15 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். கொலைகாரனுக்கு ஒரு லேடெக்ஸ் முகமூடி வாங்கினோம். கோரைப்பல், கிழிந்த கன்னம், வழியும் ரத்தம் எல்லாம் உண்டு. கையில் வைத்துப் பார்த்தபோது பயங்கரமாக இருந்தது. எடுத்த காட்சியைப் போட்டுப் பார்த்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். வேறு வாங்கப் பணம் இல்லை. இதையே சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முகமூடி செய்பவர்கள் எல்லோரும் ஆரம்பத்தில் இந்த இடத்தில்தான் இடறுவோம். நானும் இடறியிருக்கிறேன்.

உங்கள் முகமூடியில் சங்கதிகள் கூடிப்போய்விட்டன. எதிரில் நிற்பவர் அடுத்து என்ன செய்வார் என்பதை அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் நாம் கணிக்கிறோம். கோபமா, தயக்கமா, கண் எங்கே போகிறது என்று நம்மை அறியாமலேயே தேடுவோம். கோரைப்பல்லும் ரத்தமும் அந்தத் தேடலுக்கு முதல் நொடியிலேயே பதில் சொல்லிவிடுகின்றன. பேய் முகமூடி என்று தெரிந்துபோகிறது, அப்புறம் பார்ப்பவர் மனதுக்கு வேலையே இல்லை. எதுவும் எழுதாத முகம் அப்படி விடாது. தேடுகிறோம், ஒன்றும் கிடைப்பதில்லை, திரும்பத் திரும்பத் தேடுகிறோம். அந்தத் தவிப்புதான் உங்கள் படத்துக்கு வேண்டும்.

1978-இல் வந்த ‘ஹாலோவீன்’ என்ற முகமூடிக் கொலைகாரன் படத்தின் குழுவிடமும் உங்களைப் போலவே காசு குறைவு. டாமி லீ வாலஸ் என்ற கலை இயக்குநர் இரண்டு டாலருக்கும் குறைவான விலையில் ஒரு முகமூடி வாங்கி வந்தார். ‘ஸ்டார் டிரெக்’ தொடரின் கேப்டன் கிர்க், அதாவது நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகம் அது. புருவத்தையும் கிருதாவையும் எடுத்தார், கண் துளைகளைப் பெரிதாக்கினார், வெள்ளை ஸ்ப்ரே பெயின்ட் அடித்தார், முடியை மாற்றினார். பெயின்ட் போக மற்றதெல்லாம் பெரும்பாலும் கழித்தல்தான். ஆனால் அடியில் இருந்தது ஒரு நிஜ மனிதனின் மூக்கும் தாடையும். மனிதனைப் போலவே இருந்தும் மனிதனாக இல்லாத உருவம் ஏன் உறுத்துகிறது என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-இல் எழுதியிருந்தார். அந்த உறுத்தல் அப்படியே இந்த முகத்தில் இருக்கிறது.

‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ படவரிசையின் கொலைகாரன் ஜேசனின் ஹாக்கி முகமூடியும் வெறும் விளையாட்டுச் சாமான்தான். முதல் படத்திலிருந்தே அவன் அதை மாட்டியிருந்தான் என்று பலர் நினைக்கிறார்கள். 1980-இல் வந்த முதல் படத்தில் கொலைகாரி அவன் அம்மா. 1981-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவன் தலையில் இருந்தது ஒரு கண் ஓட்டை போட்ட துணிப்பை. ஹாக்கி முகமூடி 1982-இல், மூன்றாம் பாகத்தில்தான் வந்தது. அடிபடாமல் முகத்தைக் காக்கச் செய்த பொருள் கொலைகாரன் தலையில் இருப்பதே போதுமானதாக இருந்தது.

முகபாவம் உள்ள முகமூடி எடுபடவே படாதா என்றால், படும். 1996-இல் வந்த ‘ஸ்க்ரீம்’ படத்தின் நீள முகம் வாயைப் பிளந்து அலறுகிறது. ஆனால் அது கத்தியோடு வருபவனின் பாவம் அல்ல, கத்தியைப் பார்த்தவரின் பாவம். பலியாகப் போகிறவரின் முகத்தைக் கொலைகாரன் மாட்டிக்கொண்டு வருவதாகத்தான் எனக்குப் படுகிறது. அதே முகமூடியை வாங்கிப் பயன்படுத்தலாமா என்று யோசிக்காதீர்கள். அதன் உரிமை ஒரு நிறுவனத்திடம் இருக்கிறது, அனுமதியில்லாமல் படத்தில் காட்டினால் சிக்கல்.

சரி, வேலைக்கு வருவோம். கோரைப்பற்களைச் சிறிய கத்தரியால் வெட்டிவிடுங்கள். வெட்டிய ஓட்டையின் உள்பக்கம், திரவ லேடெக்ஸில் தோய்த்த மெல்லிய பஞ்சை ஒட்டுங்கள். கன்னத்துக் கிழிசலையும் இதே மாதிரி, ஒவ்வொரு படலமும் காய்ந்த பிறகு அடுத்ததை வைத்து மெதுவாக நிரப்புங்கள். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் உள்ளே ஈரம் தங்கிவிடும். திரவ லேடெக்ஸில் அமோனியா நெடி இருக்கும், அதனால் ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

சாதாரண பெயின்ட்டை அப்படியே பூசினால் முகமூடி மடங்கும் இடத்தில் வெடித்து உதிரும். திரவ லேடெக்ஸில் கொஞ்சம் அக்ரிலிக் வண்ணம் கலந்து ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். காய்ந்தால் நிறம் சற்று அடர்ந்து தெரியும், அதனால் முதலில் ஓரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். தூய வெள்ளை வேண்டாம். விளக்கு பட்டால் மேடு பள்ளமெல்லாம் அழிந்து ஒரே வெளுப்பாகிவிடும். சாம்பலோ பழுப்போ ஒரு துளி சேர்த்த எலும்பு நிறம் நன்றாக நிற்கும். கடைசியில் டால்கம் பவுடர் தூவித் துடையுங்கள். பளபளப்பு இருந்தால் ரப்பர் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணுக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். துளை வழியாக நடிகரின் தோல் தெரிந்தால் முகமூடி போட்ட ஆள் என்று உடனே புரிந்துவிடும். இமை உட்பட கண்ணைச் சுற்றிக் கறுப்பு மேக்கப் போடுங்கள். இல்லையென்றால் துளைகளின் உள்பக்கம் கறுப்பு வலைத்துணி ஒட்டுங்கள். அவரால் ஓரளவு பார்க்க முடியும், நமக்கு இருட்டு மட்டும் தெரியும். படம் முழுக்க வலையோடு எடுத்துவிட்டு, ஒரே ஒரு குளோசப்பில் வலையை எடுத்துவிட்டு நிஜக் கண்ணைக் காட்டிப் பாருங்கள். அந்த ஒரு ஷாட்டுக்காகவே இந்த வேலையெல்லாம் செய்யலாம்.

அதற்கு அடுத்தது லைட்டிங். முகத்துக்குக் கீழே டார்ச் பிடிக்கும் பழக்கத்தை விடுங்கள், அது எல்லாவற்றையும் காட்டிவிடும். விளக்கு தலைக்கு மேலே, சற்று முன்னால் இருந்தால் கண்குழிகள் தாமாகவே இருண்டுவிடும். ‘ஹாலோவீன்’ ஒளிப்பதிவாளர் டீன் கண்டி ஒரு காட்சியில் நாயகிக்குப் பின்னால் இருட்டு வாசலை வைத்துவிட்டு, விளக்கின் வெளிச்சத்தை மெல்ல மெல்லக் கூட்டினார். ஒன்றுமில்லாத இருட்டிலிருந்து அந்த வெள்ளை முகம் ஊறி வரும். சிறிய விளக்கும் ஒரு டிம்மரும் இருந்தால் நீங்களும் செய்துவிடலாம்.

அப்புறம் நடிகரின் கழுத்து. ஜப்பானின் நோ நாடகத்தில் மரத்தில் செதுக்கிய முகமூடிதான் மாட்டுகிறார்கள், ஆனால் அதன் பாவம் மாறிக்கொண்டே இருக்கும். சற்று மேலே நிமிர்த்தினால் முகம் மலர்கிறது, அதை ‘தெராசு’ என்பார்கள். சற்றுத் தாழ்த்தினால் நிழல் விழுந்து வாடுகிறது, அது ‘குமோராசு’. உங்கள் நடிகரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி முகமூடியோடு தலையை எல்லாப் பக்கமும் மிக மெதுவாகச் சாய்க்கச் சொல்லுங்கள். எந்தக் கோணத்தில் அது கொல்லும் முகமாகிறது என்று அவரே கண்டுபிடிப்பார். சாதாரண உரையாடலில் செய்வதுபோலத் தலையை ஆட்டுவதும் கையை வீசுவதும் இருக்கக் கூடாது. முதல் பாதி முழுக்கத் தூரத்திலும் மங்கலாகவும் மட்டும் காட்டுங்கள்.

படப்பிடிப்பை இழுத்தடிக்காதீர்கள், லேடெக்ஸ் சீக்கிரம் மூப்படையும். ‘ஹாலோவீன்’ படத்தில் பயன்படுத்திய முகமூடியையே 1981-இல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில் வேறொருவருக்கு மாட்டினார்கள். மஞ்சள் பூத்து, தலை வாகுக்கு ஏற்ப அகன்று, வேறு முகம்போலத் தெரியும். உங்களுடையதை உள்ளே காகிதம் அடைத்து, வெயிலும் எண்ணெயும் படாத இடத்தில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நடிகருக்கு லேடெக்ஸ் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள். மூக்கு, வாய்த் துளைகளை அடைக்காதீர்கள். முகமூடிக்குள் பக்கவாட்டுப் பார்வை ஏறக்குறைய இருக்காது, அதனால் படிக்கட்டுக் காட்சியிலும் சண்டைக் காட்சியிலும் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும், கையில் இருப்பது கூர் இல்லாத டம்மி கத்தியாக இருக்க வேண்டும். மூச்சு முட்டினால் காட்ட ஒரு கை சைகையை முன்கூட்டியே பேசி வையுங்கள். அதைப் பார்த்தவுடன் ஷாட் எவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு, முதலில் முகமூடியைக் கழற்றுங்கள்.