அப்பாவின் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: இடத்தை விற்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. மில் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன் மாதம் 2,400. சிறுநீரில் ரத்தம் வந்ததால் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தது, குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆகி 16 நாள் ஆகிறது. புற்றுநோய்தான், ஆனால் தசைக்குள் இறங்கவில்லையாம். திரும்ப வராமலிருக்க வரும் திங்கள் முதல் பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்த வேண்டும், மூன்று வருடம் தொடரும் என்கிறார் டாக்டர். ஒரு தடவைக்கு எல்லாம் சேர்த்து 8,000 ரூபாய், கேமரா விட்டுப் பார்க்க 10,000. அப்பா பெயரில் வங்கி டெபாசிட் 6 லட்சம், மேலூர் பக்கம் 5 சென்ட் இடம் இருக்கிறது. அப்பாவும் அம்மாவும் மேலூரில் தனி ரேஷன் கார்டில் இருக்கிறார்கள். எனக்கு மதுரையில் 45,000 சம்பளம். கம்பெனி காப்பீடு 3 லட்சம், பெற்றோருக்கும் சேர்த்து. அதில் ஆபரேஷனுக்கு 90,000 போய்விட்டது. இடத்தை இப்போதே விற்றுக் கையில் பணம் வைத்துக்கொள் என்கிறார் சித்தப்பா. விற்கலாமா?

பதில்: இப்போது விற்க வேண்டாம், தம்பி. அவசரத்துக்கு விற்கிறான் என்று தெரிந்தால் புரோக்கர் கேட்கும் விலையே வேறு. அதைவிட முக்கியமாக, இந்த வைத்தியத்தில் பணம் ஒரே நாளில் மொத்தமாகப் போவதில்லை. ஏலச்சீட்டு மாதிரி தவணை தவணையாகப் போகும். தவணை எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

பி.சி.ஜி. என்பது காசநோய்க்காகக் குழந்தையில் போட்டு நம் தோளில் தழும்பு விட்டுப்போன அதே தடுப்பூசிக் கிருமிதான். அது பைக்குள் போனதும் உடம்பின் எதிர்ப்பு சக்தி அங்கே திரண்டு, மிச்சம் மீதி புற்றுச் செல்களைத் தாக்குகிறது. 1976இல் கனடாவில் தொடங்கிய முறை. வழக்கமான அட்டவணை இப்படி: முதலில் வாரம் ஒன்றாக ஆறு தடவை. அப்புறம் 3, 6, 12, 18, 24, 30, 36ஆம் மாதங்களில் வாரம் ஒன்றாக மும்மூன்று தடவை. மொத்தம் 27. உங்கள் டாக்டர் இதில் கூட்டலாம், குறைக்கலாம். ஒரு தாளில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் 12 மாதத்திலேயே 15 தடவை வந்துவிடுகிறது பாருங்கள், அடுத்த இரண்டு வருடமும் ஆறு ஆறுதான். கேமரா பரிசோதனை முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று வைப்போம்.

நீங்கள் சொன்ன கட்டணத்தில் முதல் வருடம் 1,60,000, இரண்டாம் வருடம் 88,000, மூன்றாம் வருடம் 68,000. ஆக 3,16,000. ஆறு லட்சம் டெபாசிட் உள்ள வீட்டில் இதற்காக இடத்தை விற்க வேண்டுமா?

டெபாசிட்டையும் முழுசாக உடைத்து சேமிப்புக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். 1,60,000 மட்டும் கையில் எடுக்கும்படி வையுங்கள். 90,000 ஒரு வருடத்துக்கு, 70,000 இரண்டு வருடத்துக்கு, மீதி 2,80,000 தனியாக. முன்கூட்டி உடைத்தால் வட்டியில் எவ்வளவு பிடிப்பார்கள் என்று வங்கியில் முதலில் கேளுங்கள். கூடவே அம்மாவையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். நோயாளியின் தனிப் பெயரில் பணத்தை வைத்துவிட்டு, கையெழுத்துக்காக அவரை வங்கிக்கு இழுத்துக்கொண்டு அலைந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது உங்கள் கம்பெனி காப்பீடு. பி.சி.ஜி. போட்டுக்கொள்ள இரண்டு மூன்று மணி நேரம் போதும். ஆனால் 24 மணி நேரம் படுக்கையில் இருந்தால்தான் பணம் என்பது பாலிசியின் பொது விதி. ஒருநாள் சிகிச்சைப் பட்டியலில் இது வருகிறதா என்று எச்.ஆர். வழியாக எழுத்தில் கேளுங்கள். வராவிட்டாலும் ஒரு வழி இருக்கிறது. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்று பெரும்பாலான பாலிசிகளில் 60 நாள் தருகிறார்கள். திங்கள் தொடங்கினால் உங்கள் அப்பாவின் ஆறாவது தடவை 55ஆம் நாள் வாக்கில் விழும். ஆறுக்கும் டாக்டர் சீட்டு, மருந்து பில், ஆஸ்பத்திரி பில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்து ஆபரேஷன் கிளெய்மோடு சேர்த்துக் கேளுங்கள். நடுவில் சிறுநீரில் கிருமித் தொற்று வந்தால் டாக்டர் ஒரு வாரம் தள்ளிப்போடுவார், தள்ளித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு பில் 60 நாளைத் தாண்டிப் போனால் போகட்டும். பில்லுக்காக மருந்தை அவசரப்படுத்தாதீர்கள். இன்னொன்று, இந்த மூன்று வருடத்தில் வேலை மாறினால் புதிய கம்பெனியில் பெற்றோருக்கும் காப்பீடு உண்டா என்று கேட்டுவிட்டு மாறுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நீங்கள் யோசிக்கவே இல்லை. உங்கள் சம்பளத்தைப் பார்த்து விட்டுவிட்டீர்கள் போல. பெற்றோர் தனி கார்டில் இருப்பதால் அவர்கள் வருமானம்தான் கணக்கு. பென்ஷன் வருடத்துக்கு 28,800. டெபாசிட் வட்டியை ஏழு சதவீதம் என்று வைத்தாலும் 42,000. ஆண்டு வரம்பான 1,20,000க்குள் அடங்குகிறது. வி.ஏ.ஓ.விடம் உள்ளதை உள்ளபடி சொல்லி வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. பெரியாஸ்பத்திரியிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா, இந்த மருந்துக்கு முன்அனுமதி கிடைக்குமா என்பதை அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

வருமான வரியில் 80டிடிபி என்று யாராவது சொல்வார்கள். மூத்த குடிமக்களின் புற்றுநோய்ச் செலவுக்கு ஒரு லட்சம் வரை கழிவு தரும் பிரிவு அது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான், காப்பீட்டில் வந்த தொகையையும் கழித்துவிடுவார்கள். 45,000 சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே இல்லை. உங்களுக்கு அதனால் பைசா பிரயோசனமில்லை, விட்டுவிடுங்கள்.

பில்லில் வராத செலவும் உண்டு. மருந்து குப்பியை நீங்களே வாங்கி வரச் சொன்னால் 2 முதல் 8 டிகிரி குளிரில் வர வேண்டும். மதுரை வெயிலில் சட்டைப் பையில் போட்டு வந்தால் அந்தக் காசு வீண். ஐஸ் பெட்டியோடு தருகிற கடையில் வாங்குங்கள். சில சமயம் தட்டுப்பாடும் வரும், ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வையுங்கள். மருந்தை இரண்டு மணி நேரம் பைக்குள் அடக்கி வைத்திருக்க வேண்டும். அப்புறம் எரிச்சலும் அடிக்கடி முட்டுதலும் இருக்கும். அந்த நிலையில் மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்கு நிற்க வைக்காதீர்கள். போட்ட அன்றைக்கு மட்டுமாவது கார் பிடியுங்கள், அதைச் சம்பளத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஆறு மணி நேரம் வரை உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். ஒவ்வொரு முறையும் பிளீச்சிங் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டுத் தண்ணீர் விடுங்கள், உள்ளே போனது உயிருள்ள கிருமி. கடும் காய்ச்சலோ குளிரோ வந்தால் மாத்திரை போட்டுப் படுக்க வைக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள். முன்பு காசநோய் இருந்ததா, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்பதைத் திங்கட்கிழமையே சொல்லிவிடுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்தட்டும். இந்த நோய்க்கு முதல் காரணமே புகைதான்.

ரத்தம் நின்றுவிட்டது, கேமராவில் ஒன்றுமில்லை, இன்னும் எதற்குச் செலவு என்று ஏழெட்டு மாதம் கழித்து அப்பாவே சொல்வார். மகனுக்குப் பாரம் என்று நினைத்துச் சொல்வது அது. எரிச்சல் தாங்கவில்லை என்றால் அளவைக் குறைப்பதோ இடைவெளி விடுவதோ டாக்டர் முடிவு. காசுக்காக நீங்களாக ஒரு தவணையையும் விடாதீர்கள்.

பி.சி.ஜி. கேட்காமல் போவதும் உண்டு. அப்போது பையையே எடுக்கும் ஆபரேஷன், அல்லது பெம்புரோலிசுமாப் போன்ற ஊசி என்று பேச்சு வரும். அந்த ஊசி பல லட்சம் இழுக்கும். பல பாலிசிகளில் இதற்குத் தனி உச்சவரம்பும் இருக்கும், இப்போதே பார்த்து வையுங்கள். தனியாக வைத்த 2,80,000க்கு மேல் தேவைப்பட்டால்தான் இடம். அதனால் சித்தப்பா சொன்னதில் பாதியைச் செய்யுங்கள்: விற்காமல், விற்கத் தயாராக வையுங்கள். பட்டா அப்பா பெயரில் இருக்கிறதா, தாத்தா பெயரிலேயே கிடக்கிறதா? அளவு சரியா? வில்லங்கச் சான்று எடுத்தீர்களா? மேலூர் தாலுகா ஆபீஸுக்கு இப்போதே நடையைக் கட்டுங்கள், அப்பா கூட வந்து கையெழுத்துப் போட முடிகிற காலத்திலேயே.