வெள்ளிக்குள்ளா, வெள்ளி வரையா?

அன்புள்ள சார்,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் கிளையன்ட் ஜெர்மனியில் இருக்கிறார். ‘ஐ வில் சென்ட் இட் வித்தின் ஃப்ரைடே’ என்று நான் எழுதிய மெயிலைப் பார்த்து டீம் லீட் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார். ‘பை ஃப்ரைடே’ என்று எழுத வேண்டுமாம். ஆனால் அந்த ஜெர்மன்காரரே ‘சென்ட் இட் அன்டில் ஃப்ரைடே’ என்றுதான் எழுதுகிறார். அவரை யாரும் திருத்துவதில்லை. எதுதான் சரி?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்கள் லீட் சொன்னது சரி. சிரித்தது தேவையில்லாதது. பணம் கொடுக்கிறவரின் இலக்கணத்தை எந்த ஆபீஸிலும் திருத்த மாட்டார்கள், அதை விடுங்கள்.

நீங்கள் இருவருமே அவரவர் தாய்மொழியால்தான் தடுக்கியிருக்கிறீர்கள். நாம் ‘மூன்று நாளைக்குள்’ என்கிறோம், ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்றும் சொல்கிறோம். முதலாவது கால அளவு, இரண்டாவது கெடு. இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘க்குள்’ போதும். ஆங்கிலத்தில் அளவுக்கு வித்தின், கெடுவுக்கு பை. வித்தின் த்ரீ டேஸ், பை ஃப்ரைடே. ‘நான் போவதற்குள் பஸ் போய்விட்டது’ என்கிறோமே, அந்த ‘க்குள்’ளுக்கும் பைதான்: பை தி டைம்.

ஜெர்மனில் ‘பிஸ்’ என்று ஒரு சொல். ‘வெள்ளிக்குள்’, ‘வெள்ளி வரை’ இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். அதனால் அவர் கை சட்டென்று அன்டிலுக்குப் போகிறது. நமக்கு அந்தக் குழப்பம் வருவதில்லை, ‘வரை’ தனியாக இருக்கிறது. காத்திருப்பது, தங்குவது, கடை திறந்திருப்பது எல்லாம் நீடிக்கிற காரியங்கள், அவற்றுக்கு அன்டில். அனுப்புவது, முடிப்பது, வந்துசேர்வது ஒரு தடவையில் தீர்ந்துவிடும், அவற்றுக்கு பை. உங்கள் கிளையன்ட் எழுதியதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டால், வெள்ளிக்கிழமை வரை நீங்கள் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்!

இதுவரைக்கும் பிசகினாலும் பெரிய நஷ்டமில்லை. எதிர்மறையில் வரும்போதுதான் கவனம் வேண்டும். ‘இட் வோன்ட் பி ரெடி பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமையும் போய்விடும், வேலை முடிந்திருக்காது. ‘இட் வோன்ட் பி ரெடி அன்டில் ஃப்ரைடே’ என்றால் அதற்கு முன்னால் கேட்காதீர்கள், வெள்ளிக்கிழமை கைக்கு வரும் என்று பொருள். முதலாவதைப் படிக்கிற கிளையன்ட் மீட்டிங்கைத் தள்ளிவைப்பார். இரண்டாவதைப் படிக்கிறவர் மீட்டிங்கையே வெள்ளிக்கிழமைக்கு வைப்பார்.

இந்த இரண்டாவது வாக்கியம் நமக்குச் சுலபத்தில் வராது. ‘வெள்ளி வரை ரெடியாகாது’ என்று யார் பேசுகிறோம்? ‘வெள்ளிக்கிழமைதான் ரெடியாகும்’ என்போம். அந்தத் ‘தான்’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ஓன்லி ஆகிவிடுகிறது: ‘ஃப்ரைடே ஓன்லி இட் வில் பி ரெடி.’ சென்னை ஆபீஸில் எல்லாருக்கும் புரியும், எனக்குப் பிடிக்கவும் பிடிக்கும். வெளிநாட்டுக்காரர் விழிப்பார். இனி மெயில் எழுதும்போது இந்த மாதிரி ‘தான்’ மனசில் வந்தால் ‘நாட் அன்டில்’ போட்டுப் பாருங்கள், அனேகமாகப் பொருந்தும்.

அப்புறம், பை ஃப்ரைடே என்றால் வெள்ளிக்கிழமையும் சேர்த்தி. பிஃபோர் ஃப்ரைடே என்றால் வியாழனோடு சரி. நம் ஊர் நோட்டீஸ்களில் ‘ஆன் ஆர் பிஃபோர்’ என்று நீட்டி எழுதுவதை நான் கேலி செய்ய மாட்டேன், சந்தேகத்துக்கே இடம் வைக்காத எழுத்து அது.

ஜெர்மன்காரரைத் திருத்தப் போகாதீர்கள். பதிலில் ‘பை ஃப்ரைடே, ஃபைவ் பி.எம். யுவர் டைம்’ என்று நீங்களே எழுதிவிடுங்கள். அந்த ‘யுவர் டைம்’ முக்கியம். கோடையில் நமக்கு 3.30 மணி நேரமும் குளிர்காலத்தில் 4.30 மணி நேரமும் அவர்கள் பின்தங்கியிருப்பார்கள், வெள்ளிக்கிழமை இரவு சாப்பாடு வரை உங்களுக்கு அவகாசம் உண்டு.