லிங்க்ஸ் மைதானங்களுக்கு எப்படி மதிப்பெண் போடுவது? கேள்வி பதில்

கடலோர கோல்ஃப் மைதானங்களின் தரவரிசை வரும்போதெல்லாம் அதே வாக்குவாதம்தான். ராயல் கவுன்டி டவுன் முதலா, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் முதலா? நார்த் பெரிக் ஏன் இவ்வளவு கீழே? வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு சொல் விளக்கம் மட்டும் முதலில்: 'ஹோல்' என்றால் டீயிலிருந்து (முதல் அடி அடிக்கும் இடம்) கிரீன் (குழியைச் சுற்றி ஒட்டவெட்டிய புல்தளம்) வரையிலான முழுப் பகுதி. 'குழி' என்றால் கொடி நிற்கும் ஓட்டை.

கேள்வி: கடலோரத்தில் இருந்தாலே அது லிங்க்ஸ்தானே? பெபிள் பீச்சின் பெயரிலேயே லிங்க்ஸ் இருக்கிறதே?

பெயரை விடுங்கள், மண்ணைப் பாருங்கள். கடற்கரைக்கும் உள்ளே இருக்கும் விளைநிலத்துக்கும் நடுவில், உழவுக்கு உதவாத மணல்மேட்டு நிலம்தான் லிங்க்ஸ். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லிங்க்' என்றால் மேடு. அதிலிருந்து வந்த சொல் இது. சோதிப்பதற்கு மூன்று விஷயங்கள் போதும். அடியில் மணல் இருக்க வேண்டும். மேலே அதிகம் உரம் கேட்காத ஃபெஸ்க்யூ, பென்ட் போன்ற மெல்லிய புல் இருக்க வேண்டும். விழுந்த பந்து நிற்காமல் உருள வேண்டும்.

பெபிள் பீச் பாறை முகட்டில் இருக்கிறது. அற்புதமான மைதானம், ஆனால் லிங்க்ஸ் இல்லை. விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ் மிச்சிகன் ஏரிக்கரையில், தட்டையாகக் கிடந்த பழைய ராணுவ நிலத்தில், லாரி லாரியாக மணல் கொண்டுவந்து கொட்டி எழுப்பியது. பார்க்க அயர்லாந்து மாதிரி இருக்கும், பந்து அப்படி நடந்துகொள்ளாது. ஆரிகானின் பேண்டன் டூன்ஸ், டாஸ்மேனியாவின் பார்ன்புகிள் டூன்ஸ் இரண்டும் பிரிட்டனுக்கு வெகுதூரம், ஆனால் மூன்று சோதனையிலும் தேறும்.

சர்ச்சைக்குரியது கிங்ஸ்பார்ன்ஸ். 2000இல் திறந்தது, பெரும்பகுதி விளைநிலத்தை இயந்திரம் வைத்து மேடுபள்ளமாக்கியது. நான் அதைப் பட்டியலில் சேர்ப்பேன். நிலம் எப்படிப் பிறந்தது என்பதைவிட, பந்து அதில் எப்படி ஓடுகிறது என்பதே எனக்கு முக்கியம்.

கேள்வி: பத்திரிகைகள் உள்நாட்டில் மரங்களுக்கு நடுவே இருக்கும் பூங்கா மைதானத்தையும் லிங்க்ஸையும் ஒரே அளவுகோலில் அளக்கின்றன. அதில் என்ன தவறு?

இரண்டு தவறு. முதலாவது, கடினம். அமெரிக்காவின் கோல்ஃப் டைஜஸ்ட் 1966இல் வெளியிட்ட முதல் பட்டியலே 'மிகக் கடினமான 200 மைதானங்கள்' என்பதுதான். பிறகுதான் அது 'சிறந்த மைதானங்கள்' ஆனது. கடினமென்றால் உயர்ந்தது என்ற எண்ணம் அன்று முதல் தரவரிசைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லிங்க்ஸில் கடினத்தைத் தினமும் தீர்மானிப்பது காற்று. அமைதியான நாளில் வந்தவர் 'சுலபம்' என்று எழுதுவார், மறுநாள் வந்தவர் 'கொடுமை' என்று எழுதுவார். மைதானம் மாறவில்லை.

இரண்டாவது, பராமரிப்பு மதிப்பெண். அதை ஆழமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மதிப்பெண்ணே மைதானத்தைக் கெடுத்துவிடும். மணல் மண்ணில் சத்து குறைவு, நீர் நிற்காது. ஃபெஸ்க்யூ அந்தப் பட்டினியைத் தாங்கும், பல புற்கள் தாங்காது. அதுதான் அதன் பலம். 'பச்சையாக இல்லையே' என்று மதிப்பீட்டாளர் குறைத்துப் போட்டால், நிர்வாகம் தண்ணீரும் உரமும் கூட்டும். உடனே போவா அன்னுவா என்ற களைப்புல்லும் ரைகிராஸும் உள்ளே வந்து ஃபெஸ்க்யூவை நெருக்கும். செத்த புல்லின் வைக்கோல்படிவம் தடிக்கும், தரை மெத்தையாகும், பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். 2018இல் ஸ்காட்லாந்தின் கார்னூஸ்டியில் பிரிட்டனின் பெரிய போட்டியான ஓபன் நடந்தபோது ஃபேர்வேக்கள் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டிய புல்பாதை) காய்ந்து பழுப்பாக இருந்தன, பந்து ஓடிக்கொண்டே இருந்தது. அந்த நிறத்துக்கு மதிப்பெண் கூட்ட வேண்டும், குறைக்கக் கூடாது.

அமெரிக்காவின் சேம்பர்ஸ் பே இதற்கு மறுபக்கம். மணல், சரளைக் குவாரியாக இருந்த இடம். 2015 யுஎஸ் ஓபனில் அதன் ஃபெஸ்க்யூ கிரீன்களுக்குள் போவா அன்னுவா புகுந்திருந்தது. இரண்டு புல்லும் வெவ்வேறு வேகத்தில் வளர்ந்ததால் பட் (கிரீனில் உருட்டிவிடும் அடி) துள்ளித் துள்ளிப் போனது. பராமரிப்பில் குறை சொல்ல வேண்டியது இதைத்தான், நிறத்தை இல்லை.

கேள்வி: அப்படியென்றால் உங்கள் மதிப்பெண் தாள் எப்படி இருக்கும்? எண்ணோடு சொல்லுங்கள்.

நூற்றுக்குப் போடுகிறேன். தரையோடு ஆடும் வாய்ப்புக்கு 30. காற்றும் ஹோல்கள் திரும்பும் திசைகளும் 20. கிரீனும் அதன் சுற்றுப்புறமும் 20. பங்கர் (மணல்குழி), ஓடை, மேடு இவை எங்கே இருக்கின்றன என்பதற்கு 15. தரையின் இறுக்கத்துக்கு 10. காட்சிக்கு 5, அதற்கு மேல் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. மோர்ன் மலை பின்னால் நிற்பதால் ராயல் கவுன்டி டவுனுக்கு எல்லோரும் மனம் இளகிப் போடுகிறார்கள். அதன் முதல் ஒன்பது ஹோல்களுக்கு மலையே தேவையில்லை.

கேள்வி: அந்த 30ஐ எப்படிக் கணக்கிடுவது? 'தரையோடு ஆடுவது' என்பது பொத்தாம்பொதுவாக இருக்கிறதே.

ஒவ்வொரு கிரீனுக்கும் 30 கெஜம் முன்னால் நின்று பாருங்கள். பட்டர் மட்டையால் உருட்டலாமா? ஏழாம் அயர்னால் தாழ்வாக ஓடவிடலாமா? வெட்ஜால் தூக்கிப் போடலாமா? மூன்றும் புத்திசாலித்தனமான வழியென்றால் 1.5, இரண்டென்றால் 1, ஒன்றே ஒன்றென்றால் 0. பதினெட்டு ஹோலுக்கு அதிகபட்சம் 27. மீதி 3, டீயிலிருந்து அடித்த பந்து விழுந்த பிறகு சரிவு அதை எங்கே கொண்டுபோகிறது என்பதற்கு.

இரண்டு இடத்தை அருகே போய்ப் பார்ப்போம். நார்த் பெரிக்கின் 15ஆம் ஹோல், ரெடான். பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டியது), சுமார் 190 கெஜம். கிரீன் வலது முன்மூலையிலிருந்து இடது பின்மூலைக்குச் சாய்ந்து இறங்குகிறது. இடது முன்பக்கம் ஆழமான பங்கர். கொடியைப் பார்த்து நேராகத் தூக்கி அடித்தால் பங்கரைத் தாண்ட வேண்டும், தாண்டினாலும் தரை உங்களைவிட்டு விலகிச் சரிவதால் பந்து கிரீனின் பின்பக்கம் ஓடிவிடும். கொடியை மறந்து வலது முன்தோளில் தாழ்வாக இறக்கினால், சரிவே பந்தை வளைத்துக் குழிப்பக்கம் கொண்டுபோகும். உலகம் முழுக்க இதைப் படியெடுத்தார்கள். ஆனால் தரை இளகலாக இருக்கும் படிகளில் பந்து தோளிலேயே செத்துப்போகிறது. வடிவம் இருக்கும், ஹோல் இருக்காது.

இன்னொன்று ஓல்டு கோர்ஸின் 18ஆம் கிரீனுக்கு முன் இருக்கும் 'வேலி ஆஃப் சின்' பள்ளம். பங்கர் இல்லை, தண்ணீர் இல்லை, வெறும் ஒட்டவெட்டிய புல். 1995 ஓபனில் கோஸ்டான்டினோ ரோக்கா சிப்பை (கிரீனுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கும் சிறு தூக்கல் அடி) சொதப்பி அந்தப் பள்ளத்துக்குள் போனார். அடுத்து அங்கிருந்தே பட்டரை எடுத்து, சுமார் 60 அடி தூரத்தை மேடேற்றிக் குழிக்குள் அனுப்பினார். சமநிலையை முடிவு செய்யும் பிளேஆஃபில் ஜான் டேலி வென்றது வேறு விஷயம். ஒரே பள்ளம் ஒரே ஆளை ஒரே நிமிடத்தில் இரண்டு விதமாக யோசிக்க வைத்தது. நான் 1.5 போடுவது இப்படிப்பட்ட இடத்துக்குத்தான்.

கேள்வி: காற்று எல்லா இடத்திலும் வீசுகிறது. மைதானத்துக்கு அதில் என்ன பெருமை?

காற்றுக்கு மதிப்பெண் இல்லை, அதை எத்தனை கோணத்தில் சந்திக்க வைக்கிறது என்பதற்குத்தான். எதிர்க்காற்று மணிக்கு ஒரு மைலுக்கு அடிக்க வேண்டிய தூரத்தை ஒரு சதவீதம் கூட்டும், பின்காற்று அரை சதவீதம்தான் குறைக்கும் என்பது ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. 20 மைல் காற்றில் 150 கெஜ அடி எதிரே 180 ஆகும், பின்னால் 135 ஆகும். இழப்பு 30, லாபம் 15. ஆகவே போகும்போது பின்காற்று, வரும்போது எதிர்க்காற்று என்றால் சமமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ராயல் ட்ரூனில் பெரும்பாலான நாட்களில் நடப்பது இதுதான். திரும்பி வரும் ஒன்பது வேறொரு மைதானம் மாதிரி இருக்கும்.

மியூர்ஃபீல்டு எனக்கு இதில் முழு மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில். முதல் ஒன்பது வெளிவட்டமாகக் கடிகாரச் சுற்றில், அடுத்த ஒன்பது அதற்குள்ளே எதிர்ச்சுற்றில். ஒரே காற்றை அடுத்தடுத்து வெவ்வேறு பக்கத்திலிருந்து வாங்க வேண்டும். வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு ஹோலுக்கும் அம்புக்குறி போடுங்கள். ஒரே திசையில் தொடர்ந்து நான்கு அம்புக்கு மேல் இருந்தால் இரண்டு மதிப்பெண் குறையுங்கள். ஓல்டு கோர்ஸும் போய்த் திரும்பும் வகைதான், ஆனால் 7 முதல் 11 வரை சுற்றிவரும் வளையம் அதைக் கொஞ்சம் காப்பாற்றுகிறது.

கேள்வி: கிரீன் வேகமாக இருந்தால் கூடுதல் மதிப்பெண் உண்டா?

கிடையாது. காற்றடிக்கும் இடத்தில் வேகமும் சரிவும் சேர்ந்தால் பந்து தானாக நகரும். 2015 ஓபனில் செயின்ட் ஆண்ட்ரூஸில் சனிக்கிழமை ஆட்டத்தை நிறுத்தியது அதனால்தான், முடிவு திங்கட்கிழமைக்குப் போனது. கிரீனின் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரில் 10 அடி காட்டினாலே நல்ல லிங்க்ஸ் கிரீனுக்குத் தாராளம்.

கேள்வி: கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கி அடிக்கும் ஹோல்கள் நியாயமா? லஹின்ச்சின் டெல், பிரெஸ்ட்விக்கின் ஹிமாலயாஸ் பற்றிச் சொல்கிறேன்.

நியாயம்தான், மூன்று நிபந்தனையோடு. எந்தத் திசை என்று காட்டும் கம்பமோ வெள்ளைக்கல்லோ இருக்க வேண்டும். மறுபக்கம் பந்து விழும் இடம் அகலமாக இருக்க வேண்டும். முன்னால் போனவர்கள் நகர்ந்துவிட்டார்களா என்று தெரிய மணியோ வேறு வழியோ இருக்க வேண்டும். இவை இருந்தால் குறைக்காதீர்கள். மேடேறி, மறுபக்கம் பந்து எங்கே கிடக்கிறது என்று எட்டிப் பார்க்கும் அந்தச் சில விநாடியை வேறெந்த வகை மைதானமும் தராது. ஆனால் ஒரே சுற்றில் ஆறேழு முறை வந்தால் அலுப்புதான். அப்போது குறையுங்கள்.

கேள்வி: ஓபன் நடத்திய மைதானங்களுக்குத் தனிச் சலுகை வேண்டாமா?

வேண்டாம். ஓபன் நடத்த பார்வையாளர் மேடைக்கு இடம், சாலை, ரயில், தங்குமிடம் எல்லாம் வேண்டும். முதல் ஓபன் 1860இல் பிரெஸ்ட்விக்கில் நடந்தது. 24 முறை நடத்திய அந்த மைதானம் 1925க்குப் பிறகு ஒதுக்கப்பட்டதற்குக் கூட்டத்தை அடக்க முடியாமல் போனது பெரிய காரணம். ராயல் டார்னாக் ஒருமுறைகூட நடத்தியதில்லை, அது இருப்பது ஸ்காட்லாந்தின் வடகோடிப் பக்கம். அதன் 14ஆம் ஹோல் 'ஃபாக்ஸி'யில் ஒரு பங்கர்கூட இல்லை. மேடான கிரீன் ஒன்றே எல்லோரையும் திணறடிக்கிறது. ஓபன் வராததால் அந்த ஹோலின் தரம் குறைந்துவிடுமா?

கேள்வி: மியூர்ஃபீல்டு பெண்களை உறுப்பினராகச் சேர்க்க மறுத்ததை மதிப்பெண்ணில் காட்ட வேண்டுமா?

2016 வாக்கெடுப்பில் மறுத்தது, ஓபன் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது, 2017இல் மாற்றிக்கொண்டதும் திரும்பச் சேர்க்கப்பட்டது. மறுத்தது தவறு, அதற்கான தண்டனை நடத்தும் அமைப்பிடமிருந்து வந்தது சரி. நிலத்துக்கான தாளில் சங்கத்தின் நடத்தையைக் கலந்தால் இரண்டையும் சரியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் தனிக் குறிப்பாக எழுதுங்கள்.

கேள்வி: ஒருமுறை விளையாடிவிட்டு மதிப்பெண் போடலாமா?

பூங்கா மைதானத்துக்குப் போடலாம். லிங்க்ஸுக்குக் குறைந்தது இரண்டு முறை, வெவ்வேறு காற்றில். அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921இல் ஓல்டு கோர்ஸின் 11ஆம் ஹோலில் பந்தை எடுத்துக்கொண்டு போட்டியை விட்டவர். 1927இல் அங்கேயே ஓபனை வென்றார், 1958இல் அந்த ஊரின் கௌரவக் குடிமகன் ஆனார். 1921இல் அவரிடம் மதிப்பெண் கேட்டிருந்தால் என்ன போட்டிருப்பார்?

கேள்வி: இரண்டு மைதானத்தை ஹோலுக்கு ஹோல் மோதவிட்டு, யார் ஜெயிக்கிறார் என்று பார்ப்பது சரியான முறையா?

சுவாரஸ்யமான விளையாட்டு, மோசமான அளவுகோல். ஒரு மைதானத்தின் 5ஆம் ஹோல் இன்னொன்றின் 5ஆம் ஹோலுக்குப் பதில் சொல்லப் படைக்கப்பட்டதில்லை. அது 4க்குப் பிறகு, 6க்கு முன்னால் வருவதற்காக அமைந்தது. அதைவிட நல்ல கேள்வி: உங்களுக்குப் பத்துச் சுற்று கிடைத்தால் இந்த இரண்டுக்கும் எப்படிப் பிரிப்பீர்கள்? ஆறு-நான்கு என்றால் சிறு வித்தியாசம், எட்டு-இரண்டு என்றால் பேச்சே இல்லை.

கேள்வி: 31ஆம் இடத்துக்கும் 38ஆம் இடத்துக்கும் உண்மையில் வித்தியாசம் உண்டா?

பெரும்பாலும் இல்லை. பத்துக்குப் போடும் முறையில் 25 பேர் மதிப்பிடுகிறார்கள், அவர்கள் போடும் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து விலகும் அளவு) 1 மதிப்பெண் என்று வையுங்கள். சராசரியின் பிழை 1ஐ 25இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.2. இரண்டு மைதானத்தை ஒப்பிட்டால் சுமார் 0.28 ஆகும். தற்செயலுக்கு அதைப்போல் இரு மடங்கு இடம் விட வேண்டும். ஆக, அரை மதிப்பெண்ணுக்கும் குறைவான இடைவெளியை நம்பி மேல்கீழ் சொல்ல முடியாது. படிநிலைகளாகப் பிரியுங்கள்.

என் முதல் படியில் ஓல்டு கோர்ஸ், ராயல் கவுன்டி டவுன், டார்னாக், மியூர்ஃபீல்டு, ராயல் போர்ட்ரஷ், நார்த் பெரிக். கடைசிப் பெயருக்குச் சண்டைக்கு வருவீர்கள், தெரியும். மேலே சொன்ன 30ஐ அதற்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: போர்ட்ரஷுக்குப் பழைய மதிப்பெண்களையும் சேர்த்துச் சராசரி எடுக்கலாமா?

கூடாது. 2019 ஓபனுக்காகத் தட்டையாக இருந்த பழைய 17, 18 ஹோல்களை விட்டுக்கொடுத்து, பக்கத்தில் இருக்கும் 'வேலி' (பள்ளத்தாக்கு) என்ற மைதானத்தின் நிலத்தில் புதிய 7ஆம் 8ஆம் ஹோல்களைச் சேர்த்தார்கள். அதனால்தான் பழைய 14 ஆன 'கலாமிட்டி' இன்று 16ஆகிவிட்டது, ஆட்டத்தின் முடிவும் அதைச் சுற்றி வேறாக அமைகிறது. அந்த மாற்றத்துக்கு முன் விளையாடியவர்களின் தாளைத் தனியே எடுத்து வையுங்கள். அவர்கள் மதிப்பிட்ட 18இல் இரண்டு ஹோல்கள் இன்று ஆட்டத்திலேயே இல்லை.